டாரன்டுலாவுக்கு என்ன ஆயிற்று? கொங்குநாட்டில் முதல்முறை வளர்ப்பவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

டாரன்டுலா என்னும் பெரிய, முடி அடர்ந்த சிலந்தியை வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டிக்கு அடியில் சூடேற்றும் பாயை விரி, மேலே விளக்கை மாட்டு, ஈரம் குறையாமல் தினமும் தண்ணீர் தெளி என்று அவை சொல்லும். சித்திரை மாதத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ இதை அப்படியே செய்தால் சிலந்தி வெந்துபோகும். நம் பக்கத்துத் தொல்லைகள் வேறு. பங்குனியிலிருந்து வைகாசி வரை வெயில், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும் காற்று, ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை. போதாக்குறைக்கு ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் கொசு மருந்து. அதனால் இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் நம் ஊர்க் காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். கடைசியாகத் தோல் உரித்த தேதி, கடைசியாக இரை தின்ற தேதி, மண் மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவை தெரியாமல் கீழே உள்ளவற்றில் பாதியைப் பயன்படுத்த முடியாது.

தின்ன மறுக்கிறது

புதிதாக வளர்ப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பெரும்பாலும் இதற்கு வைத்தியமே தேவையில்லை. வளர்ந்த டாரன்டுலா மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அது நோயின் அடையாளமல்ல.

வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டு பளபளப்பாகவும், உடலின் நிறம் மங்கியும், வயிற்றில் முடி உதிர்ந்து வழுக்கை விழுந்த இடம் கருத்தும் இருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று பொருள். அந்த வழுக்கையில் தெரியும் கருமை, பழைய தோலுக்கு அடியில் முளைத்துவிட்ட புதுமுடியின் நிறம். குட்டிகளுக்கு வயிறு கருத்து மினுங்கும். இந்த நிலையில் இரை போடாதீர்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். போட்ட இரையை ஒரு நாளுக்குள் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். தோல் உரிக்கும் சிலந்தியால் அசைய முடியாது. பெட்டியில் கிடக்கும் ஒரு கிரிக்கெட் பூச்சி அதைக் கடித்தே கொன்றுவிடும்.

வயிறு முன்னுடலைவிட (கால்கள் முளைத்திருக்கும் பகுதி) சிறுத்துச் சுருக்கம் விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர், அடுத்து சிறிய இரை. வாங்கி வந்து சில நாட்களே ஆகியிருந்தால் இடம் பழகட்டும் என்று விட்டுவிடலாம்.

இரை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பருத்திக்காட்டிலோ தக்காளித் தோட்டத்திலோ பிடித்த வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம், என்ன மருந்து அடித்தார்கள் என்பது அந்தத் தோட்டக்காரருக்குத்தான் தெரியும். பல்லடம், நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை எருவைக் கிளறினால் கருவண்டின் புழு அள்ளி அள்ளி வரும். இலவசம் என்பதற்காக அதையும் எடுக்காதீர்கள். அந்த வண்டை ஒழிக்கவே பண்ணையில் மருந்து போடுகிறார்கள். பறவை வளர்ப்பவர்கள் தவிட்டில் பெருக்கும் மீல்வார்ம் புழு, பெட்டியில் வளர்த்த டூபியா கரப்பான், கிரிக்கெட் பூச்சி ஆகியவை போதும். உடுமலை, கோபி பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் தெரிந்தவராக இருந்தால் நாலைந்து புழுக்களைக் கேட்டு வாங்கலாம். அதைவிடச் சுத்தமான இரை கிடைப்பது அரிது. ஏன் என்பது பின்னால் வரும். இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

மல்லாந்து கிடக்கிறது

தொடாதீர்கள். பெட்டியை நகர்த்தாதீர்கள். வீட்டில் அம்மிச்சி பார்த்தால் “பாவம் சாமி, செத்துவிட்டது, கொண்டுபோய்ப் புதைத்துவிடு” என்பார். சாகும் டாரன்டுலா பொதுவாக மல்லாப்பதில்லை. கவிழ்ந்தபடியே கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு சாகும். மல்லாந்து கிடப்பது தோல் உரிக்கத்தான்.

முதல்நாளே தரையில் வெள்ளையாக ஒரு வலைப்பாயை விரித்திருக்கும். அதன்மேல் புரண்டு படுத்த பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு முன்னுடலின் ஓடு விளிம்பில் விண்டு பெயரும். வயிற்றுத் தோல் பக்கவாட்டில் கிழியும். அதன் பின் கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல எட்டுக் கால்களையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருவும். ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் ஓய்வு உண்டு. கால் மட்டுமல்ல, நச்சுப்பல்லின் உறை, உறிஞ்சும் வயிற்றின் உள்வரி, புத்தக நுரையீரலின் (ஏடுகள் அடுக்கியதுபோன்ற சுவாச உறுப்பு) மேல்தோல் எல்லாம் பழைய சட்டையோடு வந்துவிடும். குட்டிக்கு இது அரை மணி நேரத்தில் முடியலாம், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

வெளியே வந்ததும் பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து கடைசியில் கருக்கும். கருக்கும்வரை இரை போடக் கூடாது. குட்டிக்கு ஏறக்குறைய ஒரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு வாரம் அல்லது அதற்கும் மேல். மெத்தென்ற பல்லால் கடித்தால் பல் வளைந்துவிடும், அடுத்த தோல் உரிப்பு வரை சரியாகாது.

உரித்த சட்டையை எறிந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, சுருண்ட வயிற்றுத் தோலை ஈரப் பிரஷால் மெல்ல விரியுங்கள். உட்புறத்தில் நான்கு வெளிறிய திட்டுகள் தெரியும், அவை புத்தக நுரையீரல்கள். முன்ஜோடிக்கு நடுவே சிறு மடிப்போ பையோ எழும்பி நின்றால் பெண். ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆண். மிகச்சிறிய குட்டியில் உருப்பெருக்கி இல்லாமல் சொல்ல முடியாது.

ஓடு விண்ட பிறகும் பாதியில் நின்று, நெடுநேரமாக அசைவே இல்லாமல் கால் சிக்கிக்கொண்டிருந்தால் மட்டும் கை வைக்கலாம். அதுவும் மெல்லிய ஓவியப் பிரஷில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுச் சிக்கிய இடத்தை மட்டும் நனைத்துவிட்டுக் காத்திருப்பதோடு சரி. வயிற்றின் அடிப்பக்கத்தில் நீர் படக் கூடாது, நுரையீரல் அங்கேதான் இருக்கிறது. இழுக்காதீர்கள். ஒரு கால் போனாலும் குடிமுழுகிப் போகாது, அடுத்தடுத்த தோல் உரிப்புகளில் முளைத்துவிடும்.

கால்களை உள்ளே சுருட்டிக்கொண்டு குந்தியிருக்கிறது

இதுதான் உண்மையான ஆபத்து. சிலந்தியின் காலில் மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடல்நீரின் அழுத்தத்தால்தான் கால் நீள்கிறது. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறையும், கால் தானாக மடங்கும். ஓய்வில் காலை ஒடுக்கிக்கொள்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓய்வில் இருப்பது பிரஷ் பட்டதும் சட்டென எழும். வற்றியது தள்ளாடும், அல்லது அசையவே அசையாது.

தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கத்தில் ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் மூடியளவு கிண்ணத்தில் வைத்த தண்ணீர் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. வளர்ப்பவர் காலையில் ஊற்றிய நினைவில் இருப்பார்.

ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றி, சிலந்தியின் முன்னுடல் விளிம்பில் படும்படி வையுங்கள். பற்களின் அடிப்பகுதியில் இருக்கும் வாய் தண்ணீரைத் தொட வேண்டும், வயிறு வெளியே இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் கால் விரியத் தொடங்கலாம். ஈரத் துணியோ டிஷ்யூவோ விரித்து மூடிய டப்பாவுக்குள் போடும் பழைய முறை வேண்டாம். அதனால் வாய்க்குள் தண்ணீர் போகாது, புழுக்கம்தான் மிஞ்சும்.

இனிமேல் வராமலிருக்க, கனமான பீங்கான் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய் படாத புது அகல் இன்னும் நல்லது. நீர் கசிந்து சுற்றிலும் ஒரு கைப்பிடி மண் ஈரமாகவே இருக்கும், மீதி மண் காய்ந்திருக்கும். சிலந்தி தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். கிண்ணத்துக்குள் பஞ்சு வைக்காதீர்கள், அழுகும்.

தரையோடு ஒட்டிப் பரப்பிக் கிடக்கிறது, அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிறது

வெயில். நாம் புழுங்காமல் உட்காரும் அறை அதற்கும் போதும். 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருப்பதுதான் கெடுதல். கரூர் பரமத்தி கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. சிமென்ட் அட்டைக் கூரை போட்ட மாடியறையில் பெட்டியை வைக்கவே கூடாது. கீழ்த்தளத்தில், வெயில் படாத உள்ளறையில், அடித்தட்டில் வையுங்கள். உச்சிவேளையில் பெட்டியைச் சுற்றி வெளிப்புறம் ஈரச் சாக்கைப் போர்த்தினால் சில டிகிரி குறையும், காற்றுத் துளையை மட்டும் மறைக்காதீர்கள். மண் ஆழமாக இருந்தால் அதுவே குழி தோண்டி இறங்கிவிடும். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் சிறு டப்பாவில் டிஷ்யூ சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரிலும் பைக் பெட்டியிலும் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கண்ணாடியில் ஏறிக்கொண்டே இருக்கிறது, மூலையில் தொங்குகிறது

புதுப் பெட்டியில் முதல் சில நாட்கள் ஏறத்தான் செய்யும். அதற்குப் பிறகும் தரையில் கால் வைக்க மறுத்தால் பிழை மண்ணில் இருக்கிறது. பெரும்பாலும் ஈரம் மிகுதி. காய விடுங்கள்.

அடுத்த சந்தேகம் நார்க்கழிவு. பொள்ளாச்சியைக் கையருகில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் தென்னைத்தூள் பாக்கெட்டுக்குப் பணம் கொடுப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. ஆனால் நார் மில்லிலிருந்து நேராக அள்ளிய தூளில் உப்பு இருக்கும். பக்கெட்டில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பழுப்புச் சாயம் வெளிறும்வரை அலசிப் பிழிந்து காய வையுங்கள். அலசிய கட்டி என்று விற்பதை வாங்கினால் வேலை குறைவு. உரமாக மக்கவைத்த நார்க்கழிவை வாங்காதீர்கள். அதில் யூரியாவும் காளான் வித்தும் சேர்த்திருப்பார்கள், சில நர்சரிகளில் வேப்பம் பிண்ணாக்கும் கலப்பார்கள். பயிருக்கு நல்லதெல்லாம் சிலந்திக்கு நல்லதல்ல. குழி சரியாமலிருக்க, மருந்து படாத நிலத்துச் செம்மண்ணைச் சலித்து வெயிலில் காயவைத்து மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம்.

மூன்றாவது காரணத்தை எந்த வெளிநாட்டுக் குறிப்பும் சொல்லாது. சோமனூர், பல்லடம் பக்கத்தில் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும். டாரன்டுலா உலகத்தைக் கண்ணால் அறிவதைவிட அதிர்வால் அறிவதே அதிகம். தறி ஓடும் சுவரோடு பெட்டி ஒட்டியிருந்தால் அதற்கு இரவும் பகலும் நிம்மதி இல்லை. பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் தடித்த தெர்மோகோலோ ஃபோமோ வையுங்கள்.

ஏறுவதைவிட விழுவதுதான் கொல்லும். தரைவாழ் டாரன்டுலாவுக்கு மண்ணிலிருந்து மூடி வரையுள்ள உயரம் கால்விரிப்பின் (விரித்த கால்களின் நுனிக்கு நுனி நீளம்) ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. உயரம் அதிகமென்றால் மண்ணைக் கூட்டுங்கள். கம்பிவலை மூடியையும் மாற்றுங்கள், அதில் நகம் சிக்கிக் காலை இழந்தவை பல.

கால்கள் வெட்டி இழுக்கின்றன, தாறுமாறாக நடக்கிறது

பூச்சிமருந்தை முதலில் சந்தேகியுங்கள். கொசுவத்திச் சுருள், செருகியில் மாட்டும் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ் இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்கும் அந்த மருந்துக்குச் சிலந்தி விதிவிலக்கல்ல. தெருவில் அடிக்கும் கொசுப்புகை, நாய்க்கு உண்ணிமருந்து தடவிய கையால் பெட்டியைத் தொடுவது, பக்கத்துத் தோட்டத்தில் பவர் ஸ்பிரேயர் ஓடும்போது திறந்திருந்த சன்னல் ஆகியவையும் கணக்கில் சேரும்.

இதைப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்துக்கு விளக்க வேண்டியதில்லை. மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டில் மருந்தடித்த காற்று படிந்த இலையைத் தின்று ஒரு வளர்ப்பு மனையின் புழுக்கள் முழுவதும் துடித்துச் சாவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். மருந்தடித்த கையோடு புழுமனைக்குள் யாரையும் விடமாட்டார்கள். அந்த ஒழுங்கை அப்படியே சிலந்தி இருக்கும் அறைக்குக் கொண்டு வாருங்கள். கொசுவுக்குச் சன்னல் வலையும் படுக்கை வலையும் போதும். அவர்கள் கொடுக்கும் புழுவை நம்பி இரையாகப் போடலாம் என்றதும் இதனால்தான்: மருந்து பட்டிருந்தால் புழு உங்கள் கைக்கு வரும்முன்பே செத்திருக்கும்.

மாற்று மருந்து கிடையாது. வேறு அறை, புதுப் பெட்டி, புது மண், புதுத் தண்ணீர், இருட்டு. சில பிழைக்கும், சில பிழைக்காது. பழைய மண்ணையும் பொந்துக்கு வைத்த மரத்துண்டையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

நடுக்கத்தோடு வாயைச் சுற்றி வெள்ளையாகக் கூழ்போல ஒன்றும் கெட்ட நாற்றமும் இருந்தால் அது நூற்புழு என்னும் ஒட்டுண்ணி. வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது. அந்தச் சிலந்தியைத் தனியாக ஒதுக்கி, அதற்குப் பயன்படுத்திய இடுக்கியை மற்ற பெட்டிகளில் நுழைக்காதீர்கள்.

பெட்டிக்குள் வேறு உயிர்கள், பூஞ்சை

எறும்புதான் நம் ஊர் எமன். தோல் உரித்துக் கிடக்கும் சிலந்தியை ஓர் இரவில் முடித்துவிடும். எறும்புப்பொடி தூவக் கூடாது என்பதால் பழைய வழியே கதி: பெட்டியை முக்காலியில் ஏற்றி, நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம். சுவரிலோ திரைச்சீலையிலோ பெட்டி உரசினால் அந்த ஏற்பாடு வீண்.

மெதுவாக ஊரும் வெள்ளைப் புள்ளிகள் மண்ணில் இருந்தால் தின்று போட்ட மிச்சம் அழுகுகிறது. மிச்சத்தை எடுத்து மண்ணைக் காயவிட்டால் குறையும். அவை சிலந்தியின் மூட்டுகளிலும் வாயருகிலும் ஒட்டியிருந்தால் மண்ணை முழுதாக மாற்றுங்கள். ஐப்பசி மழையில் வரும் பூஞ்சைக்கும் இதுவே வழி, பக்கவாட்டுக் காற்றுத் துளைகளையும் கூட்டுங்கள்.

குழியை மண்ணால் அடைத்துவிட்டது

விட்டுவிடுங்கள். தோண்டாதீர்கள். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.

வயிற்றில் வழுக்கை, உங்கள் கையில் அரிப்பு

பின்காலால் முடியை உதறுவது அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்களின் தற்காப்பு. அடிக்கடி தொந்தரவு செய்கிறீர்கள் என்று பொருள். அடுத்த தோலில் முடி வந்துவிடும். தோலில் பட்ட முடியைத் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசி, கசக்காமல், அன்றே கண் மருத்துவரிடம் போய் “சிலந்தி முடி” என்றே சொல்லுங்கள். அந்த முடிக்குக் கொக்கி உண்டு. கருவிழியில் தைத்து உள்ளே நகரும், சாதாரணச் சிவப்பு என்று நினைத்துச் சொட்டுமருந்து போட்டுக்கொண்டிருந்தால் பார்வைக்கே கேடு.

விழுந்து அடிபட்டு நீர் கசிகிறது

வெளிர் நீலமாகவோ நிறமற்றோ கசிவது அதன் ரத்தம். காலில் கசிந்தால் கார்ன்ஃப்ளோர் மாவையோ வாசலினையோ பிரஷால் அப்புங்கள். வயிற்றில் சிறு கீறல் என்றால் மாவு மட்டும். உறைந்து நின்றால் தண்ணீர் வைத்து இருட்டில் விடுங்கள். வயிறு பிளந்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையில் ஏற்றி விளையாடுவதை நான் ஒருபோதும் ஏற்காததற்குக் காரணம் கடியல்ல, இந்த விழுதல்தான்.

அலைந்துகொண்டே இருக்கிறது, மெலிகிறது, தின்பதில்லை

முன்னால் இருக்கும் இரு சிறுகால்களின் நுனி குத்துச்சண்டைக்காரர் கைபோல் உருண்டிருக்கிறதா? பல இனங்களில் முதல் காலின் அடியில் கொக்கியும் இருக்கும். அப்படியென்றால் அது முதிர்ந்த ஆண். பெண்ணைத் தேடி அலைகிறது. பெண் 20 ஆண்டுக்கு மேலும் வாழும் இனங்களில்கூட ஆண் முதிர்ந்த பின் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள்தான். உங்கள் பராமரிப்பில் குறையில்லை.

பெயரே தெரியாது, “கருப்பு டாரன்டுலா” என்று கொடுத்தார்கள்

இது சிலந்தியின் நோயல்ல, ஆனாலும் சரிசெய்ய வேண்டியது. சுருள்முடி டாரன்டுலா, மெக்சிகோ சிவப்பு முழங்கால் போன்ற அமெரிக்க வகைகள் நிதானமானவை, நஞ்சும் மிதமானது. ஆசிய, ஆப்பிரிக்க வகைகளுக்கு உதற முடி இல்லை, அதனால் பாய்ந்து கடிக்கும். நம் மலைகளின் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். முதல் சிலந்தியாக அது வேண்டாம்.

சட்டமும் உண்டு. பொசிலோதீரியா முழுவதும் 2019இல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. சிவப்பு முழங்கால் அதற்கு முன்பே அதில் இருக்கிறது. 2022இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சைட்டிஸ் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிய வேண்டும். 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு. அறிவியல் பெயரோடு பில் தராத கடையில் வாங்காதீர்கள். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள். அங்கிருந்து பிடித்து வந்ததாகச் சொல்லி ஒருவர் டப்பாவை நீட்டினால் வாங்குபவரும் வழக்கில் சிக்குவார்.

பெட்டி காலி

முதலில் மண்ணைக் கிளறாமல் பாருங்கள், பாதி நேரம் அது குழிக்குள்தான் இருக்கும். உண்மையிலேயே வெளியேறியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், மறைத்தால் யாராவது செருப்பைத் தூக்குவார்கள் அல்லது ஸ்ப்ரேயை எடுப்பார்கள். கதவு இடுக்கில் துணியை அடைத்து, சுவரோரமாகத் தரைமட்டத்தில் தேடுங்கள்: பீரோவுக்குப் பின்புறம், செருப்பு, மடித்த கோரைப்பாய், ஈரம் இருக்கும் குளியலறை மூலை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு மறுபடி ஒரு சுற்று. கண்டதும் துரத்தாதீர்கள். மேலே ஒளி ஊடுருவும் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகித் தூக்குங்கள். பிறகு மூடிக்கு இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள்.